சொந்த மேட்சர் மக்கர் பண்ணினால்: எச்டிஎம்எல் டெஸ்டுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

டெஸ்டில் ஒரு மதிப்பு எதிர்பார்த்தபடி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஃபங்ஷன்தான் மேட்சர். பக்கத்தின் எச்டிஎம்எல்லைச் சோதிக்க நாமே எழுதிக்கொள்ளும் மேட்சர்கள் திரும்பத் திரும்ப ஒரே ஏழெட்டு விதத்தில்தான் கெடுகின்றன. ஜெஸ்ட், வீடெஸ்ட், ப்ளேரைட், ரூபியில் ஆர்ஸ்பெக், ஜாவாவில் ஹாம்கிரெஸ்ட் என்று கருவி மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. அடுத்தவர் கோடிலும் என் கோடிலும் இவற்றைச் சரிசெய்து சரிசெய்து சேர்ந்த குறிப்புகள் இவை. உங்களுக்குத் தெரிகிற அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், வேலை வாங்கும் காரணம் கடைசியில் வரும்.

## அதற்கு முன் ஐந்து அழைப்புகள்

கோளாறு மேட்சரிலா, பக்கத்திலா, டெஸ்டிலா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் போதும். புது டெஸ்ட் ஃபைல் ஒன்றில், கையால் எழுதிய இரண்டு வரி எச்டிஎம்எல்லை வைத்துக்கொண்டு மேட்சரை இப்படிக் கூப்பிடுங்கள்:

1. பொருந்தும் எலிமெண்ட், நேராக: பச்சை (டெஸ்ட் தேறியது) வரவேண்டும்.
2. பொருந்தும் எலிமெண்ட், 'நாட்' (பதிலைத் திருப்பிப் போடும் மறுப்பு) சேர்த்து: சிவப்பு (டெஸ்ட் தோற்றது).
3. பொருந்தாத எலிமெண்ட், நேராக: சிவப்பு.
4. பொருந்தாத எலிமெண்ட், 'நாட்' சேர்த்து: பச்சை.
5. எலிமெண்டே இல்லாமல் 'நல்' என்ற வெற்று மதிப்பு, 'நாட்' சேர்த்து: சிவப்பு.

முதல் நான்கும் சரியாக வந்து ஐந்தாவது மட்டும் பச்சையாக வருவது ரொம்பச் சாதாரணம். அப்படியானால் "எதைக் கொடுத்தாலும் பச்சை" என்ற தலைப்புக்குப் போங்கள். ஐந்துமே சரி என்றால் மேட்சரை விட்டுவிட்டு, பக்கம் உண்மையில் என்ன எச்டிஎம்எல் தருகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் இந்த ஐந்தையும் அழித்துவிடாதீர்கள். மேட்சரும் கோட்தான், அதற்கும் டெஸ்ட் வேண்டும். ரெப்போவிலேயே இருக்கட்டும்.

## அறிகுறி: "அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை" என்கிறது

மேட்சர் எழுதியாயிற்று, டெஸ்டுக்கு அது தெரியவில்லை. முதலில் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் செட்டப் ஃபைலின் முதல் வரியில் ஒரு கன்சோல் லாக் போடுங்கள். அது அச்சாகவில்லை என்றால் அந்த ஃபைல் ஓடவே இல்லை, கான்ஃபிக்கில் பாதை தவறு.

ஓடுகிறது, ஆனால் மேட்சரைக் கூப்பிடும் 'எக்ஸ்பெக்ட்' ஃபங்ஷன் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று பிழை வருகிறதா? ஜெஸ்டில் 'செட்டப்-ஃபைல்ஸ்' என்று ஒன்றும், 'செட்டப்-ஃபைல்ஸ்-ஆஃப்டர்-என்வ்' என்று இன்னொன்றும் உண்டு. முதலாவது ஓடும்போது டெஸ்ட் கருவி இன்னும் ஏற்றப்பட்டிருக்காது. மேட்சரை இரண்டாவதில் சேர்க்கவேண்டும். வீடெஸ்டில் 'செட்டப்-ஃபைல்ஸ்' போதும். ப்ளேரைட்டில் வழி வேறு. 'எக்ஸ்டெண்ட்' ஒரு புது எக்ஸ்பெக்டைத் திருப்பித் தரும், டெஸ்ட் ஃபைல்கள் அதைத்தான் இம்போர்ட் செய்யவேண்டும். பழக்கத்தில் மூல பேக்கேஜிலிருந்தே இம்போர்ட் செய்தால் உங்கள் மேட்சர் அதில் இருக்காது.

ஆர்ஸ்பெக்கில் இந்த அறிகுறி வேஷம் போட்டுக்கொண்டு வரும். 'ஹேவ்' என்று தொடங்கும் மேட்சர் கிடைக்காவிட்டால் ஆர்ஸ்பெக் "மேட்சர் இல்லை" என்று சொல்லாது. அதையே 'ஹேஸ்' என்று தொடங்கி கேள்விக்குறியில் முடியும் மெத்தடாக மாற்றி, பக்கத்தின் மேல் கூப்பிடப் பார்க்கும். "இந்தப் பொருளுக்கு அந்த மெத்தட் தெரியாது" என்று பிழை வரும். பக்கத்தில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு மணி நேரம் வீணாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். மேட்சர் இருக்கும் மாட்யூலை கான்ஃபிக்கில் 'இன்க்ளூட்' செய்தால் தீர்ந்தது.

டெஸ்ட் ஓடுகிறது, எடிட்டரில் மட்டும் சிவப்புக் கோடு என்றால் டைப்ஸ்கிரிப்ட் வேலை பாக்கி இருக்கிறது. மேட்சரின் பெயரை டைப் அறிவிப்பு ஃபைலில் சேர்த்திருக்கிறீர்களா, அந்த ஃபைல் டிஎஸ்கான்ஃபிக்கின் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால் பேக்கேஜ்களின் பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லாக் ஃபைலில் எக்ஸ்பெக்ட் பேக்கேஜ் இரண்டு பதிப்புகளில் உட்கார்ந்திருக்கலாம். ஒன்றில் மேட்சரைச் சேர்க்கிறீர்கள், இன்னொன்றில் டெஸ்ட் ஓடுகிறது. பல பேக்கேஜ்கள் சேர்ந்திருக்கும் ரெப்போவில் இதைத் தனியாக நோண்டாதீர்கள். பில்டைக் கவனிப்பவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: எதைக் கொடுத்தாலும் பச்சை

இருப்பதிலேயே ஆபத்தானது இது. சிவப்பு வந்தால் யாராவது திறந்து பார்ப்பார்கள். பொய்ப் பச்சையை யாரும் திறப்பதில்லை, ஆறு மாதம் ஆனாலும் அப்படியே கிடக்கும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

### மேட்சரைக் கூப்பிடவே இல்லையா?

மேட்சரின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி விட்டுப்போனால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது வெறும் ஒரு பெயரைத் தொட்டுப் பார்த்த வரி. பிழை எழாது, டெஸ்ட் பச்சை. கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். கோடைப் படித்துத் தவறு காட்டும் ஈஎஸ்லிண்டின் ஜெஸ்ட் ப்ளகினில் 'வேலிட்-எக்ஸ்பெக்ட்' என்ற விதி இதைப் பிடித்துக் கொடுக்கும். இந்தத் தலைப்பில் நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான காரியம் அந்த விதியைப் போட்டுவிடுவதுதான்.

### அவெய்ட் இருக்கிறதா?

மேட்சர் அசிங்க் (பதிலைப் பிறகு தருவது) என்றால் டெஸ்டில் எக்ஸ்பெக்டுக்கு முன் 'அவெய்ட்' வேண்டும். இல்லாவிட்டால் மேட்சர் வேலையை முடிப்பதற்குள் டெஸ்ட் பச்சை போட்டுக் கிளம்பிவிடும். அதே விதியின் 'அசிங்க்-மேட்சர்ஸ்' அமைப்பில் உங்கள் மேட்சரின் பெயரைச் சேர்த்துவிட்டால் இதையும் அது பிடிக்கும்.

மேட்சருக்கு உள்ளேயும் பாருங்கள். ப்ளேரைட்டில் எலிமெண்டைத் தேடித்தரும் லொகேட்டரை "தெரிகிறதா" என்று கேட்டால் கிடைப்பது ப்ராமிஸ், அதாவது பதில் பிறகு வரும் என்ற வாக்குறுதி. அவெய்ட் இல்லாமல் அதை 'இஃப்' உள்ளே வைத்தால், எந்த ப்ராமிஸும் 'இருக்கிற பொருள்' என்பதால் நிபந்தனை எப்போதும் உண்மை ஆகிவிடும்.

### பட்டியல் காலியா?

"எல்லாப் படங்களுக்கும் ஆல்ட் பண்பு இருக்கிறது" போன்ற மேட்சர்களை 'எவ்ரி' வைத்து எழுதுவோம். காலிப் பட்டியலின் மேல் 'எவ்ரி' உண்மை என்றே சொல்லும். எலிமெண்டைத் தேடும் செலக்டர் தவறி ஒரு படம்கூடக் கிடைக்காவிட்டாலும் "எல்லாம் சரி" என்று பச்சை வரும். பட்டியலின் நீளம் பூச்சியமானால் மேட்சர் நின்று பிழை எழுப்பவேண்டும். ஒன்றும் இல்லாமல் இருப்பதும் சரிதான் என்ற டெஸ்டுக்கு அதை வெளிப்படையாகச் சொல்லும் தனி மேட்சர் எழுதுங்கள்.

### 'நாட்'டுக்குக் கீழே எலிமெண்டே இல்லையா?

நான் அதிகம் சரிசெய்தது இதைத்தான். ஒரு படிவத்தில் "சரியான எண் கொடுத்தால் பிழைச் செய்தி தெரியக்கூடாது" என்று ஒரு டெஸ்ட் இருந்தது. பிழைப் பெட்டியை அதன் கிளாஸ் பெயரால் தேடி எடுத்து, "பிழை காட்டுகிறது" என்ற மேட்சரை 'நாட்' சேர்த்துக் கூப்பிட்டிருந்தார்கள். நடுவில் வடிவமைப்பு மாறியது, கிளாஸ் பெயரும் மாறியது. செலக்டர் அன்றிலிருந்து 'நல்' தந்தது. மேட்சரின் முதல் வரியில் கேள்விக்குறிப் புள்ளி போட்டு எழுதியிருந்ததால் 'நல்' வந்தாலும் அது வெடிக்கவில்லை, "பொருந்தவில்லை" என்று மரியாதையாகச் சொன்னது. 'நாட்' அதைத் திருப்பிப் போட, பச்சை. உண்மைப் பக்கத்தில் சரியான எண்ணைக் கொடுத்தவர்களுக்கும் பிழை காட்டிக்கொண்டிருந்தது. மேட்சருக்குள் வந்த மதிப்பை ஒரு வரியில் அச்சிட்டதும் விஷயம் வெளிச்சமாயிற்று.

இங்கே "பார்த்தேன், இல்லை" என்பதும் "பார்ப்பதற்கே ஒன்றும் கிடைக்கவில்லை" என்பதும் இரண்டு வேறு பதில்கள். ஜெஸ்ட் மேட்சர் திருப்பித் தரும் 'பாஸ்' என்ற ஒரே கட்டத்தில் இரண்டையும் அடைத்தால் 'நாட்' வரும்போது இரண்டாவது பதில் பச்சையாகிவிடும். ஆகவே மேட்சரின் முதல் வேலை, வந்தது எலிமெண்ட்தானா என்று பார்த்து, இல்லையென்றால் பிழையைத் தூக்கி எறிவது. எறிந்த பிழையை 'நாட்' திருப்பாது, டெஸ்ட் சிவக்கும். ஆர்ஸ்பெக்கில் 'ஆர்க்யுமெண்ட்-எரர்' எழுப்புங்கள். 'மேட்ச்' ப்ளாக்குக்குள் இன்னொரு எக்ஸ்பெக்ட் எழுதி அது தோற்பதை நம்பாதீர்கள், ஆர்ஸ்பெக் அந்தத் தோல்வியை விழுங்கி வெறும் "பொருந்தவில்லை" ஆக்கிவிடும். ஹாம்கிரெஸ்டின் 'டைப்-சேஃப்-மேட்சர்' 'நல்' வந்தால் உங்கள் மெத்தடைக் கூப்பிடாமலே பொய் என்று சொல்லிவிடும். அதையும் 'நாட்' சுற்றினால் இதே கதைதான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. "இந்த எலிமெண்ட் பக்கத்தில் இருக்கிறதா" என்பதே மேட்சரின் கேள்வி என்றால் 'நல்' நியாயமான மதிப்பு. அதை அனுமதிக்கலாம்.

எப்போது மற்றவரைக் கூப்பிடுவது: இந்தக் காவலைப் போட்டவுடன் பத்துப் பதினைந்து டெஸ்டுகள் திடீரென்று சிவந்தால், ஒவ்வொன்றாகச் செலக்டரை மாற்றிப் பச்சையாக்க உட்காராதீர்கள். அவற்றில் சில, பக்கத்தில் இருக்கிற உண்மையான பிழைகள். பட்டியல் எடுத்து, அந்தப் பக்கங்களை எழுதுபவர்களுடன் உட்கார்ந்து பாருங்கள்.

## அறிகுறி: கண்ணுக்கு ஒரே எழுத்து, மேட்சருக்கு வேறு

"எதிர்பார்த்தது பக்கம் 3, கிடைத்தது பக்கம் 3" என்று சிவப்பு வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கண்ணை நம்பாமல் எழுத்துகளை எண்களாக அச்சிடுங்கள். ஒவ்வோர் எழுத்தின் கோட் எண்ணையும் வரிசையாக எடுத்தால் இப்படி வரும்:

எதிர்பார்த்தது: 2986 2965 3021 2965 2990 3021 32 51
கிடைத்தது: 2986 2965 3021 2965 2990 3021 160 51

32 சாதாரண இடைவெளி. 160 வரி உடையாத இடைவெளி, எச்டிஎம்எல்லில் 'என்பிஎஸ்பி' என்று எழுதுவோமே, அது. ஜாவாஸ்கிரிப்டில் ட்ரிம்மும் ரெகெக்ஸின் இடைவெளிக் குறியும் 160ஐயும் இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும், எனவே இரண்டு பக்கத்தையும் அப்படிச் சீராக்கி ஒப்பிட்டால் போதும். ரூபியிலும் ஜாவாவிலும் சாதாரண இடைவெளிக் குறி 160ஐப் பிடிக்காது, தனியாக மாற்றவேண்டும்.

நடுவில் 8203 என்று ஒரு எண் கண்ணில் பட்டால் அது அகலமே இல்லாத இடைவெளி. எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் செய்த உரையோடு வந்திருக்கும். இதை ஜாவாஸ்கிரிப்டின் இடைவெளிக் குறியும் பிடிக்காது. மேட்சரில் மறைக்காமல் உரையில் இருந்தே நீக்கச் சொல்லுங்கள்.

தமிழ் உரை உள்ள பக்கம் என்றால் இன்னொரு கிளை உண்டு. 'கொ' என்பதைக் ககரத்தோடு 3018 என்ற ஒரே குறியாகவும் எழுதலாம், 3014, 3006 என்று ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோட் இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது, ஆனால் ஸ்ட்ரிங் ஒப்பீட்டுக்கு அது தெரியாது. எதிர்பார்த்த உரையையும் கிடைத்த உரையையும் 'நார்மலைஸ்' செய்து என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிடுங்கள், சரியாகிவிடும். ஒளகாரத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். 'கௌ' என்பதை ஒற்றைக் கொம்பு போட்டுப் பின்னால் ளகரத்தைத் தட்டி எழுதியிருந்தால் அது உண்மையிலேயே எழுத்துப்பிழை. எந்த நார்மலைஸும் அதைச் சரிசெய்யாது, செய்யவும் கூடாது. உரையை உள்ளிடுகிறவர்களிடம் போகவேண்டிய பிழை அது.

எண்கள் ஒத்துப்போகவில்லை, சொற்களே கூடுதலாக இருக்கின்றன என்றால் 'டெக்ஸ்ட்-கன்டெண்ட்' என்ன தருகிறது என்று பாருங்கள். மறைத்துவைத்த எலிமெண்டின் உரை, ஸ்டைல் டேகுக்குள் இருக்கும் வரிகள் எல்லாவற்றையும் அது சேர்த்தே தரும். இரண்டு எலிமெண்டுகள் அடுத்தடுத்து இருந்தால் நடுவில் இடைவெளி போடாமல் "பெயர்வயது" என்று ஒட்டித் தரும். 'இன்னர்-டெக்ஸ்ட்' இதைவிட நல்லது என்று அதற்கு மாறினால், ப்ரௌசர் இல்லாமலே டெஸ்டுக்குப் பக்கத்தைக் கட்டித்தரும் ஜேஎஸ்டாமில் அது கிடையாது, 'அன்டிஃபைன்ட்' வரும். மொத்த உரையை ஒரே வரியாக ஒப்பிடாமல் சின்னச் சின்ன எலிமெண்டுகளாகப் பிரித்து ஒப்பிடும்படி மேட்சரை மாற்றுவதுதான் எனக்கு எப்போதும் பலன் கொடுத்திருக்கிறது.

சீராக்குவதிலும் அளவு வேண்டும். நிறுத்தக்குறியை நீக்கி, பெரிய எழுத்தைச் சின்னதாக்கி எல்லாவற்றையும் தேய்த்துவிட்டால் மேட்சர் எதையும் பிடிக்காது. 'ப்ரீ', 'டெக்ஸ்ட்ஏரியா' இரண்டிலும் இடைவெளிக்கே பொருள் உண்டு, அங்கே கை வைக்காதீர்கள்.

## அறிகுறி: பக்கத்தில் இருக்கிறது, செலக்டருக்குக் கிடைக்கவில்லை

நீங்கள் எழுதிய எச்டிஎம்எல்லும், அதைப் படித்து பார்சர் கட்டிய எலிமெண்ட் மரமும் ஒன்றல்ல. முதலில் 'அவுட்டர்-எச்டிஎம்எல்'லை அச்சிட்டு, எழுதியதோடு ஒப்பிடுங்கள். பாதிக் கேஸ்கள் இதிலேயே தீரும்.

டேபிளா? டேபிளுக்கு நேர் கீழே 'டிஆர்' எழுதினால் பார்சர் நடுவில் ஒரு 'டிபாடி' வைக்கும். "டேபிளின் நேரடிப் பிள்ளையான டிஆர்" என்று செலக்டர் எழுதியிருந்தால் ஒன்றும் கிடைக்காது. ரியாக்ட் போல எலிமெண்டுகளை ஒவ்வொன்றாக உருவாக்கிச் சேர்க்கும் வழியில் இந்த டிபாடி தானாக வராது. அதனால் ஒரே செலக்டர் சர்வரில் வந்த பக்கத்தில் தோற்று, ப்ரௌசரில் கட்டிய பக்கத்தில் ஜெயிக்கும். செலக்டரை நேரடிப் பிள்ளை என்று கட்டாமல் "உள்ளே எங்காவது" என்று தளர்த்துங்கள்.

டெஸ்டில் வெறும் டிஆர் துண்டை டிவ்வுக்குள் போட்டீர்களா? டிவ்வின் 'இன்னர்-எச்டிஎம்எல்'லில் டிஆர், டிடி வைத்தால் பார்சர் டேகுகளைத் தூக்கி எறிந்துவிட்டு உரையை மட்டும் வைத்துக்கொள்ளும். 'டெம்ப்ளேட்' எலிமெண்டுக்குள் போடுங்கள், அப்படியே நிற்கும்.

பத்திக்குள் டிவ்வா? 'பி' டேகுக்குள் டிவ் வந்தால் பி அங்கேயே மூடிக்கொள்ளும், பின்னால் வரும் மூடும் டேக் ஒரு காலி பி ஆகிவிடும். "மூன்று பத்திகள் இருக்கவேண்டும்" என்ற மேட்சர் நான்கு என்று எண்ணினால் காரணம் இதுதான். இது மேட்சரின் குற்றமில்லை, பக்கத்தைத்தான் திருத்தவேண்டும்.

டேக் பெயரை ஒப்பிடுகிறீர்களா? எச்டிஎம்எல் எலிமெண்டின் 'டேக்-நேம்' பெரிய எழுத்தில் வரும், எஸ்விஜி எலிமெண்டில் அப்படிப் பெரிதாக மாறாமல் வரும். 'லோக்கல்-நேம்' பயன்படுத்தினால் இந்தத் தலைவலி இல்லை.

எலிமெண்ட் இருக்கிறது, மேட்சர் "இது எலிமெண்டே இல்லை" என்கிறதா? காவல் வரியில் 'இன்ஸ்டன்ஸ்-ஆஃப்' போட்டிருப்பீர்கள். ஐஃப்ரேமிலிருந்தோ, டெஸ்டில் நீங்களே தனியாக உருவாக்கிய ஜேஎஸ்டாம் விண்டோவிலிருந்தோ வந்த எலிமெண்டுக்கு அந்தக் கேள்வியின் பதில் பொய். 'நோட்-டைப்' 1 ஆக இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஷேடோ டாமுக்குள் (ஒரு காம்பொனெண்ட் தனக்குள் தனியாக வைத்திருக்கும் மரம்) இருப்பது வெளியிலிருந்து கொடுக்கும் 'க்வெரி-செலக்ட'ருக்கு எட்டாது. ஷேடோ ரூட்டைப் பிடித்து அதற்குள் தேடவேண்டும். அது மூடிய ஷேடோ ரூட் என்றால் செலக்டரால் முடியாது, அந்த காம்பொனெண்டை எழுதியவரிடம் பேசுங்கள்.

## அறிகுறி: பண்பு இருக்கிறது, மேட்சர் இல்லை என்கிறது

'டிசேபிள்ட்' போன்ற பண்புக்கு மதிப்பு எதுவும் எழுதாவிட்டால் 'கெட்-ஆட்ரிப்யூட்' காலி ஸ்ட்ரிங் தரும். ஜாவாஸ்கிரிப்டில் காலி ஸ்ட்ரிங் பொய்க்குச் சமம். மேட்சர் அதை நேராக இஃப்பில் போட்டிருந்தால், முடக்கிய பொத்தானை முடக்கவில்லை என்று சொல்லும். 'ஹேஸ்-ஆட்ரிப்யூட்' என்று கேளுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: டிசேபிள்டுக்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்பு எழுதியிருந்தாலும் பொத்தான் முடங்கித்தான் இருக்கும்.

லிங்க் ஒப்பீடு தோற்றால் பண்பை எடுக்கிறீர்களா, ப்ராப்பர்ட்டியை எடுக்கிறீர்களா என்று பாருங்கள். பண்பு, எழுதியதை அப்படியே தரும். ப்ராப்பர்ட்டி முழு முகவரியாக விரித்துத் தரும். உள்ளீட்டுப் பெட்டியில் தலைகீழ்: பயனர் தட்டியது ப்ராப்பர்ட்டியில் இருக்கும், பண்பில் பழைய தொடக்க மதிப்புதான் இருக்கும். நிறத்தை ஹாஷ் குறியில் எழுதி ஸ்டைலில் திரும்பப் படித்தால் ஆர்ஜிபி வடிவில் வரும். கிளாஸுக்கு 'கிளாஸ்-லிஸ்ட்'டைத்தான் கேட்கவேண்டும். ஸ்ட்ரிங்குக்குள் தேடினால் 'பட்டன்' என்று தேடியது 'பட்டன்-பெரிது' என்பதிலும் பொருந்திவிடும்.

## அறிகுறி: ஒரு தடவை பச்சை, ஒரு தடவை சிவப்பு

முதலில் அது எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

ஒன்றுவிட்டு ஒன்று, கடிகாரம் மாதிரி மாறுகிறதா? மேட்சரின் ரெகெக்ஸில் 'ஜி' கொடி இருக்கும். அந்தக் கொடி உள்ள ரெகெக்ஸ், 'டெஸ்ட்' மெத்தடைக் கூப்பிடும்போது கடைசியாக எங்கே நின்றது என்று நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்து தேடும். அதே உரையின் மேல் முதல் முறை உண்மை, இரண்டாம் முறை பொய். கொடியை எடுத்துவிடுங்கள். இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும், சரிசெய்வதற்கு ஒரே ஓர் எழுத்து.

தனியாக ஓடினால் பச்சை, எல்லாவற்றோடும் ஓடினால் சிவப்பா? முந்தின டெஸ்ட் விட்டுச்சென்ற எலிமெண்டுகள் பாடியில் கிடக்கும். மேட்சர் டாகுமெண்ட் முழுவதும் தேடாமல், தன்னிடம் கொடுத்த எலிமெண்டுக்குள் மட்டும் தேடும்படி மாற்றுங்கள்.

மெதுவான மெஷினில் மட்டும் சிவப்பா? பக்கம் தயாராவதற்குள் மேட்சர் பார்த்துவிடுகிறது. மேட்சருக்குள் ஒரு தூக்கம் போட்டுச் சமாளிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். காத்திருக்கத் தெரிந்த கருவியிடமே வேலையைக் கொடுங்கள். டெஸ்டிங் லைப்ரரியின் 'வெயிட்-ஃபார்' இயல்பாக 1000 மில்லிசெகண்ட் வரை, 50 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை திரும்பப் பார்க்கும். ப்ளேரைட்டின் சொந்த லொகேட்டர் சோதனைகள் 5 செகண்ட் வரை முயலும். உங்கள் மேட்சர் அவற்றை உள்ளே அழைத்துக்கொள்ளட்டும்.

காத்திருந்தும் சிவப்பு என்றால் கையில் இருப்பது பழைய எலிமெண்டா என்று பாருங்கள். பக்கம் திரும்ப வரையப்பட்டபோது அது மரத்திலிருந்து கழன்றிருக்கும். 'இஸ்-கனெக்டட்' பொய் என்று சொன்னால் அதுதான். எலிமெண்டை முன்கூட்டியே எடுத்து வைக்காமல், தேடும் வேலையையே ஒரு ஃபங்ஷனாக மேட்சரிடம் கொடுங்கள்.

ரூபியில் பக்கங்களைச் சோதிக்கும் கேப்பிபாராவில் 'நாட்' வரும் டெஸ்டுகள் மட்டும் தள்ளாடுகின்றனவா? 'ஹேஸ்-சிஎஸ்எஸ்' என்ற கேள்வி எலிமெண்ட் வரும்வரை காத்திருக்கும், இயல்பாக 2 செகண்ட். உங்கள் மேட்சர் அதைக் கேட்டுப் பதிலைத் திருப்பிப் போட்டால் இரண்டு கெடுதல். எலிமெண்ட் இல்லாதபோது வீணாக 2 செகண்ட் காத்திருக்கும். மறையப்போகிற எலிமெண்ட் இன்னும் நின்றுகொண்டிருந்தால் உடனே "இருக்கிறது" என்று சிவக்கும், மறைவதற்கு நேரமே தராது. 'மேட்ச்-வென்-நெகேட்டட்' என்று தனி ப்ளாக் எழுதி, அதில் 'ஹேஸ்-நோ-சிஎஸ்எஸ்' கேளுங்கள். அது எலிமெண்ட் போகும்வரை காத்திருக்கும். டெஸ்டுகள் வேகமாவதையும் கூடவே பார்ப்பீர்கள்.

இதெல்லாம் பார்த்தும் வாரத்துக்கு ஒரு முறை சிவந்தால், சிவந்த நேரத்து எச்டிஎம்எல்லையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேமிக்கும்படி செய்துவிட்டு, அவற்றோடு டெஸ்ட் சர்வரைக் கவனிப்பவரிடம் போங்கள். வெறும் கையோடு போனால் அவராலும் ஒன்றும் செய்யமுடியாது.

## அறிகுறி: சிவக்கிறது, ஏன் என்று புரியவில்லை

மேட்சர் சரியாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் செய்தி இப்படி வருகிறது:

எதிர்பார்த்தது: உண்மை. கிடைத்தது: பொய்.

சொந்த மேட்சர் எழுதுவதே இந்தச் செய்தியை நல்லதாக்கத்தான் என்பேன். வெறும் உண்மை பொய் போதுமென்றால் மேட்சரே தேவையில்லை. அதே தோல்வி இப்படி வரட்டும்:

'பெயர்' உள்ளீட்டுக்கு லேபிள் வேண்டும்.
உள்ளீட்டின் ஐடி: பயனர்-பெயர்
அந்த ஐடியைக் குறிக்கும் லேபிள்: இல்லை
பக்கத்தில் இருக்கும் லேபிள்கள் குறிக்கும் ஐடிகள்: பெயர், வயது

ஐடி மாறியிருக்கிறது, லேபிள் மாறவில்லை என்பது கோடைத் திறக்காமலே தெரிகிறது. எதிர்பார்த்தது, கிடைத்தது, அருகில் என்ன இருந்தது என்ற மூன்றையும் செய்தியில் வையுங்கள்.

'நாட்' சேர்த்துத் தோற்கும்போது செய்தி அர்த்தமில்லாமல் வருகிறதா? ஜெஸ்டில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மேட்சர்தான். பாஸ் உண்மையாக இருந்து செய்தி கேட்கப்பட்டால் தோற்றது 'நாட்' பக்கம் என்று பொருள், அதற்கேற்ற வாக்கியம் கொடுக்கவேண்டும். ஆர்ஸ்பெக்கில் எழுதிய செய்தி வராமல் பொதுச் செய்தியே வந்தால் பெயரைப் பாருங்கள்: 'ஃபார்-ஷுட்' என்று முடியும் பழைய பெயர் ஆர்ஸ்பெக் 3இல் வெறும் 'ஃபெய்லியர்-மெசேஜ்' ஆகிவிட்டது. மறுப்புக்கு 'வென்-நெகேட்டட்' சேர்த்துத் தனியாக ஒன்று.

மொத்தப் பக்கத்தையும் செய்தியில் கொட்டாதீர்கள். ஆயிரம் வரி எச்டிஎம்எல்லுக்குக் கீழே காரணம் ஒளிந்துகொள்ளும்.

## அறிகுறி: கண்ணுக்குத் தெரியவில்லை, மேட்சர் தெரிகிறது என்கிறது

முதல் சந்தேகம் சிஎஸ்எஸ் ஏற்றப்படவில்லை என்பது. ஜேஎஸ்டாம் இயல்பாக வெளி ஸ்டைல் ஃபைல்களை எடுக்காது, டெஸ்ட் கான்ஃபிக்கிலும் சிஎஸ்எஸ் இம்போர்ட்டுகளைக் காலியாக்கி வைப்பது வழக்கம். கிளாஸால் மறைத்த எலிமெண்ட் அங்கே மறையவே இல்லை. தேவையான இரண்டு விதிகளை ஸ்டைல் டேகாக டாகுமெண்டில் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது, எலிமெண்டை மட்டும் பார்த்து அதன் பெற்றோரை விட்டுவிடுவது. மேலே எங்கோ ஒரு டிவ் மறைந்திருந்தால் உள்ளே இருப்பதும் மறைவு. வேரைத் தொடும்வரை மேலேறிப் பார்க்கவேண்டும். ஜெஸ்ட்-டாம் பேக்கேஜின் 'டு-பி-விசிபிள்' இதை ஏற்கெனவே செய்கிறது, நீங்களே எழுதத் தேவையில்லை.

அகலம், உயரம், ஒன்றன்மேல் ஒன்று மூடியிருக்கிறதா, திரைக்கு வெளியே போய்விட்டதா என்பதெல்லாம் கேள்வி என்றால் ஜேஎஸ்டாமில் எந்த மேட்சராலும் பதில் சொல்லமுடியாது. அது பக்கத்தை அடுக்கிப் பார்ப்பதே இல்லை, எந்த எலிமெண்டின் அளவைக் கேட்டாலும் பூச்சியம்தான். அந்த டெஸ்டுகளை மட்டும் உண்மையான ப்ரௌசரில் ஓடும் கருவிக்கு மாற்றுங்கள். நேரமும் மெஷினும் செலவாகும், ஆனாலும் வேறு வழியில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதுமா என்பதும் இந்த வகைதான். அணுகல்தன்மையைச் சோதிக்கும் ஜெஸ்ட்-ஆக்ஸ் அந்தச் சோதனையை ஜேஎஸ்டாமில் அணைத்தே வைத்திருக்கிறது.

பார்வையற்றவருக்கு இந்தப் பக்கம் பயன்படுகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் அங்கே மேட்சரை நிறுத்திவிட்டு, அணுகல்தன்மைச் சோதனை தெரிந்தவரை அழையுங்கள். ஸ்க்ரீன் ரீடரைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கட்டும். அவர் தடுக்கி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் லேபிள் இல்லாதது, தலைப்பு வரிசை தாவியது, பொத்தானுக்குப் பெயர் இல்லாதது என்று எச்டிஎம்எல்லிலேயே கண்டுபிடிக்கக்கூடியவற்றை அடுத்த மேட்சர்களாக எழுதத் தொடங்குங்கள்.